ஓடையின் உச்ச வெள்ளத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

1976 ஜூலை 31 மாலை, அமெரிக்காவின் கொலராடோ மலையில் சில மணி நேரத்தில் சுமார் 300 மி.மீ. மழை கொட்டியது. பிக் தாம்சன் ஆறு பொங்கி 140-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனது.

அந்தப் பாய்ச்சலில் கருவியை இறக்கி அளக்க முடியுமா? வடிந்தபின்தான் வேலை. பாறையில் படிந்த சேற்றுக்கோடும் கிளையில் சிக்கிய சருகும் நீர்மட்டத்தைக் காட்டும். குறுக்குவெட்டு, சரிவு, படுகையின் சொரசொரப்பு மூன்றையும் மேனிங் சூத்திரத்தில் போட்டால் வேகம் வரும். அதைக் குறுக்குவெட்டின் பரப்பால் பெருக்கினால் நீரோட்டம். இதில் சொரசொரப்புதான் சிக்கல். அது பெரும்பாலும் கண்மதிப்பு. கற்பாறை நிறைந்த ஓடையில் குறைத்துப் போட்டால் வெள்ளக் கணக்கு ஊதிப் பெருத்துவிடும். பிக் தாம்சன் பள்ளத்தாக்கின் வாயிலில் கிடைத்த விடை: நொடிக்குச் சுமார் 880 கன மீட்டர்.

பாறை இடுக்குகளில் தங்கிய பழைய வண்டலின் வயதைக் கணித்தால், பதிவேடுகளுக்கு முந்தைய வெள்ளங்களும் பிடிபடும்.