அன்று கை நடுக்கம், இன்று இடுப்பளவு

மனச்சிதைவு நோய்க்கென்று உருப்படியான மருந்து கிடைத்தது 1952-இல். பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிப்போட்டு வைத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். மனநல மருத்துவத்தில் அதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

ஆனால் மருந்தோடு வேறு சிலவும் வந்தன. உடம்பு விறைத்தது, கை நடுங்கியது, எச்சில் வடிந்தது. முகத்தில் சிரிப்பே வராது. சிலருக்கு ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார முடியாத தவிப்பு. வருடக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையத் தொடங்கி, மருந்தை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை.

இவ்வளவு தொல்லை தேவையில்லை என்பதை ஹாஸே என்ற ஜெர்மானிய மருத்துவர் அப்போதே கண்டுகொண்டார். நோயாளியை ஒரு தாளில் சில வரிகள் எழுதச் சொல்வார். மருந்தை மெல்ல ஏற்றும்போது ஒரு கட்டத்தில் கையெழுத்து லேசாகச் சிறுக்கும். அந்த அளவே போதும், மேலே போனால் விறைப்புதான் கூடும், குணம் கூடாது என்பது அவர் முடிவு. அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970-களில் நோயைச் சீக்கிரம் அடக்கிவிட வேண்டுமென்று ஹாலோபெரிடால் என்ற மருந்தை ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் வரைகூட ஏற்றினார்கள். வாயடைத்துக் கிடப்பதையே குணம் என்று எண்ணிய காலம் அது.

1991-இல் அமெரிக்காவில் மெக்எவாய் குழுவினர் ஹாஸேயின் வழியிலேயே அளந்து பார்த்தார்கள். ஹாலோபெரிடால் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மில்லிகிராமுக்கும் குறைவே போதுமானதாக இருந்தது. மூளை ஸ்கேன்கள் காரணத்தையும் காட்டின. மூளையிலுள்ள டோபமைன் ஏற்பிகளில் சுமார் 65 சதவீதத்தை மருந்து அடைத்தால் பலன் கிடைக்கிறது. 80-ஐ நெருங்கினால் விறைப்பு வருகிறது. முப்பது வருடம் எத்தனையோ பேர் வீணாக நடுங்கியிருக்கிறார்கள்.

இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற புதிய மருந்துகளால் நடுக்கம் குறைந்திருக்கிறது. தொல்லை வேறு பக்கம் திரும்பிவிட்டது. “ராத்திரி எழுந்து இருக்கிற சோத்தையெல்லாம் சாப்பிட்டுடறான் சார்” என்று தாய்மார்கள் சொல்வது இப்போது சகஜம். ஒலான்சபினும் குளோசபினும் பசியைத் தூண்டி, எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றுகின்றன. ரிஸ்பெரிடோனால் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது; கூச்சத்தில் பலர் சொல்வதில்லை. கை நடுங்கினால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஏறும் சர்க்கரை அப்படிக் கண்ணில் படாது.

அதனால்தான் 2004-இல் அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும் என்றன. நம்மூர் நெரிசலில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. சீட்டில் பழைய மாத்திரையே திரும்ப எழுதப்படுகிறது.

ஆகவே வீட்டிலிருப்பவர்களே கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சர்க்கரைப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். “இந்த அளவு இன்னும் தேவையா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் ஆபத்து பெரிது. குறைப்பதானால் மருத்துவர் கண்காணிப்பில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.