விண்டொலாண்டாவில் மண் சுமப்போர்

இங்கிலாந்தின் வடபகுதியில், கிழக்கே டைன் நதிக்கரையில் தொடங்கி மேற்கே சால்வே வளைகுடா வரையில், ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் கி.பி. 122-ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய எல்லைச் சுவர் சுமார் 117 கிலோமீட்டர் தூரம் மேடும் பள்ளமுமாகச் செல்கிறது. அச்சுவருக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில், அச்சுவரைவிடப் பழமையான விண்டொலாண்டா என்னும் படைக்கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் குளிர் தணிந்து புல் துளிர்க்கும் பருவத்தில், ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும், அந்நாட்டிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் சொந்தச் செலவில் அங்கே வந்து, போதாததற்குக் கட்டணமும் செலுத்திவிட்டு, ஈர மண்ணில் முழந்தாளிட்டு அமர்ந்து, சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டுகிறார்கள்; சுரண்டிய மண்ணைத் தள்ளுவண்டியில் அள்ளிச் சென்று கொட்டுகிறார்கள். கூலி பெற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்கு நியாயமான விடை இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அவ்விடை, இத்தகைய தொண்டுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் சொல்லுகிற விடையன்று.

புராதனச் சின்னங்களைக் காப்பதற்காகக் கடல் கடந்து செல்லும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. 1963-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டுத் தொல்லியலறிஞர் யிகேல் யாதின், சாக்கடலின் மேற்குக் கரையில் தனித்து நிற்கும் மசாதா என்னும் குன்றின்மேல், ஏரோது மன்னன் கட்டிய அரண்மனைகளையும், பிற்காலத்தில் ரோமரை எதிர்த்த யூதர்கள் தங்கிய இருப்பிடங்களையும் அகழ முற்பட்டபோது, தம் நாட்டுப் பத்திரிகைகளிலும் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையிலும் தொண்டர்கள் வேண்டுமென்று அறிவித்தார். பிரயாணச் செலவு அவரவருடையது; குறைந்தது இரண்டு வாரமாவது தங்கவேண்டும்; கூடாரத்தில்தான் உறங்கவேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தும், 28 தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். 1965 வரையில் இரு பருவங்களாக நடந்த அந்த அகழ்வாராய்ச்சி உலகப் பிரசித்தி பெற்றது. எனினும், அங்கே கிடைத்த சான்றுகளுக்கு யாதின் கற்பித்த பொருள் முற்றிலும் சரிதானா என்று பின்வந்த அறிஞர்கள் வினவினார்கள். அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. தொண்டர்களின் உற்சாகமோ ஒரு தேசத்தின் உணர்ச்சியோ சரித்திரத்தை நிரூபித்துவிட முடியாது. எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் எந்த நிலையில் கிடைத்தது என்ற பதிவு ஒன்றே, பின்னால் வருகிறவன் முன்னால் வந்தவனைச் சோதித்துப் பார்ப்பதற்கு இடங்கொடுக்கிறது.

1966 நவம்பர் 4-ஆம் தேதி இத்தாலியில் ஆர்னோ நதி கரை புரண்டு பிளாரென்ஸ் நகரை மூழ்கடித்தபோது, யாருடைய அறிவிப்பையும் எதிர்பாராமல் பல நாட்டு இளைஞர்கள் அங்கே ஓடிவந்து, தேசிய நூலகத்தின் நிலவறைகளில் வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைக்குக் கை மாற்றி மேலே கொணர்ந்தார்கள். 'சேற்றுத் தேவதூதர்கள்' என்று அந்நகரத்தார் அவர்களை இன்றும் அன்போடு குறிப்பிடுகிறார்கள். பிரான்ஸில் இடிந்த கோட்டைகளையும் தேவாலயங்களையும் சுண்ணாம்புச் சாந்து கொண்டு செப்பனிடும் தொண்டர் சங்கங்களின் கூட்டமைப்பாகிய 'ராம்பார்' தோன்றியதும் அதே 1966-ஆம் ஆண்டில்தான். யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கென்று தனியே ஒரு தொண்டர் இயக்கத்தை 2008-இல் ஆரம்பித்தது.

இவை எல்லாவற்றினும் விண்டொலாண்டாவைப் பற்றி விரிவாகச் சொல்ல நான் விரும்புவதற்குக் காரணம், அங்குள்ள மண்ணின் இயல்பே. ரோமப் படைப்பிரிவு ஒன்று அவ்விடத்தை விட்டு நீங்கும்போது தன் மரக்கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டுச் செல்லும். அடுத்து வந்த படையினர் அவ்விடிபாடுகளின்மேல் களிமண்ணையும் புற்கரணைகளையும் பரப்பிப் புதிய கோட்டை எழுப்புவார்கள். இப்படிக் குறைந்தது ஒன்பது கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே எழுந்தன. நீர் ஊறிய அக்களிமண்ணுக்கு அடியில் பிராணவாயு புகவில்லை. ஆகவே மரத்தையும் தோலையும் துணியையும் அரிக்கும் கிருமிகள் அங்கே வாழ முடியவில்லை. சாதாரணமாகச் சில ஆண்டுகளில் மக்கிப்போகும் பொருள்கள், பத்தொன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் நிறம் மாத்திரம் கறுத்து, உருக்குலையாமல் கிடக்கின்றன. போர்வீரர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் அணிந்த காலணிகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் நடை பழகும் குழந்தையின் காலணியும் உண்டு.

1973-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அங்கே அகழ்ந்துகொண்டிருந்த ராபின் பெர்லி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த இரண்டு மெல்லிய மரச் சீவல்களைக் கண்டெடுத்துப் பிரித்துப் பார்த்தபோது, உட்புறத்தில் மையெழுத்துப் போன்ற கீற்றுகள் தெரிந்தன; வெளிக்காற்றுப் பட்டதும் அவை மங்கத் தொடங்கின. கண்ணுக்குப் புலனாகாமல் போன அவ்வெழுத்து, அகச்சிவப்பு ஒளியில் எடுத்த புகைப்படத்தில் மீண்டும் புலப்பட்டது. அன்று முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மடல்கள் அங்கிருந்து கிடைத்திருக்கின்றன. படைக்கணக்குகள், விடுமுறை விண்ணப்பங்கள், சொந்தக் கடிதங்கள் எனப் பலவகைப்பட்ட அவற்றுள், கிளாடியா செவேரா என்னும் மாது தன் தோழி சல்பிசியா லெபிடினாவைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைத்து கி.பி. 100-ஐ ஒட்டி எழுதிய கடிதமும் ஒன்று. எழுத்தன் எழுதிய வாசகத்தின் கீழே அவளே தன் கையால் சேர்த்த சில வரிகள், பெண்ணொருத்தி லத்தீன் மொழியில் கைப்பட எழுதிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

மற்றொரு மடல் தமிழ் வாசகர்களின் சிந்தையை விசேஷமாக ஈர்க்கத் தக்கது. படைவீரர்கள் வாங்கிய பண்டங்களுக்கு எழுதிய கணக்கு அது. அதில் தப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு எதிரே, மிளகு வாங்கிய வகையில் இரண்டு தினாரி என்று பற்று எழுதியிருக்கிறது. அக்காலத்தில் ரோம ராஜ்யத்துக்குச் சென்ற மிளகில் பெரும்பகுதி, முசிறி முதலிய மேலைக் கடற்கரைத் துறைமுகங்களில், சேரநாட்டு மலைச்சரிவுகளிலிருந்து வந்து கப்பலேறியது. செங்கடலைக் கடந்து, எகிப்தின் பாலைவனத்தைக் கடந்து, மத்தியதரைக் கடலையும் ஐரோப்பாவின் அகலத்தையும் கடந்து, மழை ஓயாத அந்த வடகோடியில் ஒரு சாமானியப் படைவீரன் வாங்கும் பண்டமாக நம் நாட்டு மிளகு விலைபோயிற்று என்பதை, ஓர் அஞ்சலட்டை அளவேயான மரச்சீவல் நமக்கு அறிவிக்கிறது. அச்சீவலை மண்ணோடு மண்ணாக வாரிக் கொட்டியிருந்தால் இந்த அறிவு உலகத்துக்குக் கிடைத்தேயிராது.

இப்படிப்பட்ட மண்ணில் தொண்டர் செய்யும் வேலை எத்தன்மையது? காலையில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நிலப்பகுதியைக் காட்டுவார். அதன் புல்லை அகற்றி, மண்ணை மேலிருந்து மெல்லிய அடுக்கு அடுக்காகச் சுரண்டி வரவேண்டும். மண்ணின் நிறமோ பதமோ மாறினால் கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைக்கவேண்டும். ஏனெனில் அம்மாறுதல் ஒரு தரையின் முடிவாகவோ, அழிந்த தூணின் குழியாகவோ, நெருப்புப் பிடித்த கூரையின் சாம்பலாகவோ இருக்கலாம். பானை ஓடு, எலும்பு, ஆணி ஆகியவற்றை அந்தந்த அடுக்குக்குரிய தட்டில் எண்ணிட்டுச் சேர்க்கவேண்டும். தோலும் மரமும் அகப்பட்டால் ஈரம் உலராமல் காத்து, அதற்கென்று பயின்றவர்களிடம் ஒப்படைக்கவேண்டும்; திடீரென்று காய்ந்தால் நீரூறிய மரம் சுருங்கி வெடித்துப்போகும். மடலோ என்று ஐயந்தோன்றும் மரத்துண்டைத் தொண்டர் பிரித்துப் பார்ப்பது பெரும்பிழை. வேறு சிலர் குழியருகே செல்லாமல், கொட்டகையில் அமர்ந்து மென்மயிர்த் தூரிகையால் ஓடுகளைக் கழுவி உலர்த்துவார்கள். 2017-இல் குதிரைப்படை விடுதியின் தரையில் தொண்டர்கள் வாள்களைக் கண்டெடுத்த நாள் போன்ற நன்னாளும் வருவதுண்டு. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் எலும்புத் துண்டையும் உடைந்த ஓட்டையுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த எலும்பையும் ஓட்டையும் சிரத்தையோடு எடுத்து எண்ணிட்டவன், வாளை எடுத்தவனுக்கு எள்ளளவும் குறைந்தவனல்லன்.

அகழ்வது ஒருவகையில் அழிப்பதே என்பதைத் தொண்டர் முதல் நாளே உணர்ந்துகொள்ள வேண்டும். கலைத்த மண்ணடுக்கை மறுபடி அடுக்கி வைக்க ஒருவராலும் ஆகாது. ஆகவே, அவசியம் நேராவிட்டால் மண்ணுக்கடியில் உள்ளதை மண்ணுக்கடியிலேயே விட்டுவைப்பதுதான் உத்தமமான பாதுகாப்பு என்பது அறிஞர்கள் பலரும் ஒப்பிய கொள்கை. ஆயினும் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பிரதேசத்தில் இப்பொழுது அக்கொள்கைக்கே சோதனை வந்திருக்கிறது. பருவநிலை மாறுதலால் சதுப்பு நிலங்கள் உலர்கின்றன. உலர்ந்த வெடிப்புகளின் வழியே காற்று உட்புகுகிறது. காற்றுப் புகுந்தால், இத்தனை நூற்றாண்டுகளாக நிலைத்த தோலும் மரமும் வெகு விரைவில் மக்கிவிடும். விண்டொலாண்டாவைப் பராமரிக்கும் அறக்கட்டளை, அதற்கு மேற்கே மக்னா என்னும் மற்றொரு கோட்டையில் 2023-இல் ஐந்தாண்டுத் திட்டமாக அகழ்வாராய்ச்சியைத் தொடங்கியதற்கு இந்த அச்சமே பிரதான காரணம். அவசரமான அந்த வேலைக்கு, சொன்னதைக் கேட்டு நிதானமாகச் செய்யும் கைகள் நிறைய வேண்டியிருக்கின்றன. தொண்டரின் தேவை மெய்யாக எழுவது இங்கேதான்.

எல்லா நாட்டுக்கும் இது பொருந்திவிடாது. எகிப்தில் கிஃப்து என்னும் ஊரினரை, பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய அறிஞர் 1890-களில் அகழ்வுத் தொழிலில் பயிற்றுவித்தார். அவ்வூர்க் குடும்பங்கள் தந்தைக்குப் பின் மகனாக அத்தொழிலை வளர்த்து, களிமண் சுவரையும் அதன்மேல் சரிந்த களிமண்ணையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் திறமை பெற்றவர்கள். அத்தகையோர் உள்ள தேசத்தில், பணம் செலுத்தி இரண்டு வாரம் தங்கிப்போகும் அயல்நாட்டானை அவர்களுடைய இடத்தில் நிறுத்துவது, அவர்களுடைய ஜீவனத்துக்கும் கேடு, ஆராய்ச்சிக்கும் கேடு. அங்கே செல்லும் தொண்டர், அவர்களுக்கு உதவப் போகிறோம் என்று எண்ணுவதைவிட, அவர்களிடம் கற்கப் போகிறோம் என்று எண்ணுவதே பொருத்தம். ஏழை நாடுகளின் சின்னங்களைக் காட்டி, உல்லாசப் பிரயாணத்தையே தொண்டு என்று பெயரிட்டு விற்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள்; அவர்களை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

ஆகையால், போக விரும்புகிறவர் பணம் கட்டுமுன் சில கேள்விகளை எழுதிக் கேட்கவேண்டும். அகழ்வை நடத்தும் அறிஞர் யார், அந்நாட்டு அரசின் அனுமதி அவருக்கு உண்டா, முந்திய பருவங்களின் அறிக்கை அச்சாகியிருக்கிறதா, எடுத்த பொருள்களைப் பதப்படுத்திக் காக்க இடமும் பணமும் இருக்கின்றனவா, உள்ளூரார் எவ்விதத்தில் பங்கேற்கிறார்கள் என்று கேட்டால், நேர்மையான ஸ்தாபனம் விவரமாகவே பதிலெழுதும். அறிக்கை வெளிவராத அகழ்வுக்குப் போகவே கூடாது. தொண்டர்களுக்கும் விசா விதிகள் தனியே உண்டு. அவற்றை அந்நாட்டுத் தூதரகத்தின் மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். தனுர்வாதத் தடுப்பூசியும் மருத்துவக் காப்புறுதியும் இன்றியமையாதவை. ஒரு சிறு பானை ஓட்டையும் நினைவுப்பொருள் என்று பையில் போட்டுக்கொண்டு வரலாகாது. பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் போவதால் நமக்கு என்ன கிடைக்கும் என்றால், அங்கே கற்கும் முறை நம் மண்ணுக்கும் பயன்படும்; அதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்டன் காஸில் என்ற பழங்கோட்டையை, மாணவர்களையும் தொண்டர்களையும் திரளாகச் சேர்த்துக்கொண்டு அகழ்ந்தவர் மார்டிமர் வீலர். நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, இடையிடையே வரப்புகளை விட்டுவைத்து, அவ்வரப்புகளின் பக்கங்களில் மண்ணடுக்குகளைப் படித்தறியும் முறையை அவர் அங்கே செம்மைப்படுத்தினார். 1944-இல் அவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, தட்சசீலத்தில் நம் மாணவர்களுக்கு அம்முறையைக் கற்பித்தார். மறுவருடம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்து, இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புக் கலங்களின் ஓடுகளைக்கொண்டு, அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்நாட்டுக் கலங்களுக்கும் காலம் வகுத்தார். தென்னிந்தியப் பழம்பொருள்களின் காலநிர்ணயத்துக்கு அது உறுதியான அஸ்திவாரமாயிற்று.

சரித்திரத்தில் பற்றுள்ள நம் கல்லூரி மாணவர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று உடல் வலுவோடு இருப்பவர்களும், வசதியுண்டானால் ஒரு பருவமாவது இத்தகைய இடத்துக்குச் சென்று மண் சுமந்து பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். விண்டொலாண்டாவில் ஒரு பருவத்துக்கான இடங்களுக்கு முந்திய ஆண்டிலேயே பதிவு தொடங்கி விரைவில் நிரம்பிவிடுகிறது; கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் ஆகும் காலத்தையும் கணக்கிட்டு, விருப்பமுள்ளவர்கள் வரும் ஆண்டுக்கான விசாரணையை இப்பொழுதே தொடங்குவது நல்லது.