மூன்று வாத்தியம், ஒரு மேடை: லால்குடி ஜெயராமனின் வயலின் வாழ்க்கை

லால்குடி ஜெயராமன் 1930 செப்டம்பர் 17 அன்று பிறந்தார். காவிரிக் கரையில், திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் லால்குடிதான் அவருடைய குடும்பத்து ஊர். முன்னோரான லால்குடி ராமய்யர் தியாகராஜரின் சீடர். தியாகராஜரே லால்குடிக்கு வந்து, அவ்வூர்ச் சிவன்மீதும் அம்பாள்மீதும் ஐந்து கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். ஜெயராமனுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் தந்தை வி.ஆர். கோபால ஐயர். பன்னிரண்டு வயதில் பையன் பக்கவாத்தியக்காரராக மேடையேறிவிட்டார்.

வயலின் நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்த வாத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். வாத்தியம் அப்படியே இருந்தது. வாசிப்பு அடியோடு மாறியது. நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கப்பட்டன. வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றிக்கொள்வார். இடது கை வாத்தியத்தைத் தாங்க வேண்டியதில்லை என்பதால், விரல் தந்திமீது மேலும் கீழும் தாராளமாக வழுக்கி ஓடும். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் வயலினில் அசைவதற்கு இந்த உட்காரும் முறைதான் பெரிய காரணம்.

ஆனால் மேடையில் அதன் இடம் பாடகருக்குப் பக்கத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகள் 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர்பெற்றவை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். நடுநாயகம் பாடகர் ஒருவரே. ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தை வயலின் நிரப்ப வேண்டும், கற்பனை ஸ்வரத்துக்கு உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். ஒத்திகை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. அடுத்து எந்த ராகம் வரும் என்பதுகூடச் சில சமயம் மேடையில்தான் தெரியும். இன்னொருவர் மனத்தில் இருப்பதை அரை நொடி முன்னால் ஊகிப்பதுதான் பக்கவாத்தியக்காரரின் வித்தை.

ஜெயராமன் அந்த வித்தையில் தேறியது பெரியவர்களின் மேடைகளில். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாணி. ஒருவருக்கு வாசித்ததை இன்னொருவருக்கு வாசித்தால் எடுபடாது. இத்தனை குரல்களைப் பின்தொடர்ந்த பழக்கத்தில்தான் 'லால்குடி பாணி' உருவானது என்று சொன்னால் தவறில்லை. பாட்டின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கே அவருடைய வில்லும் திரும்பும். சாகித்யம் தெரிந்தவர்களுக்கு வயலினிலேயே வார்த்தை கேட்கும். தனிக் கச்சேரியிலும் அவர் குரலிசையின் இலக்கணத்தை விட்டு விலகவில்லை.

1965-இல் எடின்பரோ இசை விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுயின், தம்மிடமிருந்த இத்தாலிய வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அதற்கு அடுத்த ஆண்டில் ஜெயராமன் செய்ததுதான் நம் மேடைக்கு உண்மையிலேயே புதிது. புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் ஆகியோருடன் சேர்ந்து 'வயலின்-வேணு-வீணை' கச்சேரியைத் தொடங்கினார். மேற்கத்திய இசையில் இதற்கு நிகரானது சேம்பர் மியூசிக். அங்கே நடத்துநர் இல்லாமல் மூன்று பேரோ நான்கு பேரோ, ஆளுக்கொரு பகுதியாக வாசிப்பார்கள். ஆனால் அங்கே ஒவ்வொருவர் முன்னாலும் எழுதிய தாள் இருக்கும். இங்கே ஆலாபனையும் ஸ்வரமும் மேடையிலேயே பிறப்பவை. மூன்று பேர் கற்பனை செய்தும் ராகம் ஒன்றாகவே வளர வேண்டும்.

சிக்கல் அதோடு முடியவில்லை. வயலினைப் பிரடை திருகிச் சுருதி மாற்றலாம். குழலில் அது நடக்காது, சுருதிக்கேற்ற வேறு குழலைத்தான் எடுக்க வேண்டும். வீணையில் மீட்டிய நாதம் தேய்ந்துகொண்டே போகும். வயலினிலோ வில் ஓடும்வரை நாதம் நிற்கும். பார்த்து வாசிக்காவிட்டால் வீணை அமுங்கிவிடும். மூன்றுக்கும் இடம் விட்டு, ஒன்று பேசும்போது மற்றவை அடங்கி, பல்லவியில் எல்லாம் கூடுகிற அமைப்பை அந்தக் கூட்டணி கண்டுபிடித்தது. பக்கவாத்தியமாக வாழ்ந்த ஒருவருக்குத்தான் அடங்கி வாசிப்பதன் அருமை தெரியும் போலும்.

இயற்றிய உருப்படிகளாலும் அவர் பெயர் நிற்கிறது. வர்ணங்களும் தில்லானாக்களுமே அவற்றில் புகழ்பெற்றவை. சாருகேசி பதவர்ணமும் தேஷ், மோகனகல்யாணி தில்லானாக்களும் பரதநாட்டிய மேடைகளில் இன்றும் ஆடப்படுகின்றன. 1972-இல் பத்மஸ்ரீ, 2001-இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் பெற்றார்.

ஜெயராமன் 2013 ஏப்ரல் 22 அன்று சென்னையில் காலமானார். மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் அதே பாணியில் வாசித்துவருகிறார்கள். கர்நாடக இசையில் பழக்கம் இல்லாதவர்கள் அவரைக் கேட்கத் தொடங்க வேண்டுமானால், தனிக் கச்சேரியைவிட வயலின்-வேணு-வீணைப் பதிவுகளே நல்ல இடம். எது எப்போது பேசுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.