ஏர் பிடித்த கை நிரல் எழுதாதா?

பாபநாசம் திருப்பாலைத்துறையிலே, 3000 கலம் கொள்ளும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது. அதை நிரப்பிய கைகள் எத்தனை தலைமுறை சேற்றிலே கிடந்தன!

உழுதவன் மகன் உழத்தான் வேண்டுமா? 1953-ல் அப்படித்தான் திட்டமிட்டனர்: அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில்! நாடு கொதித்தது; 1954-ல் திட்டம் மடிந்தது.

இன்று உழவன் மகனும், கடையிலே கணக்கெழுதியவனும், சில மாதப் பயிற்சி பெற்றுக் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கிளம்புகிறார்கள். வரவேற்கிறோம்! பிறப்பு விதித்ததைப் பயிற்சி மாற்றுமானால், அதைவிடப் புரட்சி ஏது?

ஆனால், வாசல் யாருக்குத் திறக்கிறது? 2005-ல் சோகோ நிறுவனம் தொடங்கிய பள்ளியிலே கட்டணமில்லை, உதவித்தொகையும் உண்டு. அது பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு. 2022-ல் வந்த அரசின் ‘நான் முதல்வன்’ மாணவருக்கு. 2024-ல் தஞ்சையிலே டைடல் நியோ பூங்கா திறந்தது. நல்லவைதாம்! முப்பது வயதிலே, குடும்பத்தைத் தோளில் சுமந்து, தொழில் மாற நினைப்பவனுக்கோ? பெரும்பாலும் கட்டணக் கூடங்களே! நகையை அடகு வைத்துச் சேர்ந்தபின், ‘வேலை உறுதி’ என்ற வாய்ச்சொல் காற்றோடு போனால்?

குறுவைக்கே ஏறக்குறைய நான்கு மாதம் வேண்டும். நிரலும் எழுதி, பிழை கண்டு, திருத்திப் பழக வேண்டிய பயிர்தான்.

ஆகவே தோழர்களே, பணம் கட்டுமுன் கேளுங்கள்: முன்பு படித்தவரில் எத்தனை பேருக்கு வேலை, எங்கே, என்ன சம்பளம்? பதிலை எழுத்திலே வாங்குங்கள். அரசையும் கேட்கிறோம்: வட்டந்தோறும் கட்டணமில்லா மாலைப் பயிற்சிக்கூடம் வேண்டும்!

ஏர் பிடித்த கைக்கு எழுத்தாணியை மறுத்த காலம் போயிற்று. கணிப்பொறியை மறுக்கும் காலம் வர விடோம்!