பதின்பருவ மனமும் பனியன் நகரமும்

திருப்பூரில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பின்வரும் விடுமுறை, பல இல்லங்களில் ஓய்வுக்காலம் அன்று; பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேரும் காலம். விடுமுறைக்கு மட்டும் என்று தொடங்குவது சில வேளைகளில் பள்ளிக்குத் திரும்பாமலே நிலைத்துவிடுகிறது. ஒன்றரை ஷிப்ட் உழைப்பும் சனிக்கிழமைச் சம்பளமும் ஒரு பிள்ளையை வந்தடையும் இந்த வயது, மனநலத்தைப் பொறுத்தவரை எத்தகையது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மனநோய் முதிர்ந்தோரைப் பற்றும் பிணி என்றே நம்மவர் பலர் கருதுகின்றனர். அமெரிக்காவில் நடைபெற்று 2005இல் வெளியான விரிவான ஆய்வொன்று, மனநலக் கோளாறுகளுள் ஏறத்தாழப் பாதி 14 வயதிற்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்கிவிடுவதாகக் கண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினருள் சுமார் 7 விழுக்காட்டினரிடம் இத்தகைய கோளாறு காணப்பட்டது.

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. குடும்பத்தில் மனநோயோ குடிப்பழக்கமோ இருத்தல், வன்முறை, பெற்றோரைப் பிரிதல், உறக்கமின்மை, படிப்பு முறிதல் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருந்தோறும் இடர் பெருகுகிறது. இன்பத்தை நாடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்திலேயே வேகம் கொள்ள, தடுத்து நிறுத்தும் முன்மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னரே முதிர்கிறது. ஆகவே, களைப்பைப் போக்க வாயில் அடக்கும் புகையிலை இளையோரை விரைவில் அடிமைப்படுத்துகிறது. மனச்சோர்வு போதையை அழைக்கிறது. போதை அச்சோர்வை ஆழப்படுத்துகிறது. 2019இல் நடுவணரசு வெளியிட்ட ஆய்வில், பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 விழுக்காடும், 10 முதல் 17 வயதினரிடம் 1.17 விழுக்காடும் இருந்தது. பெரியவரினும் சிறுவரிடம் மிகுந்திருந்த போதை இது ஒன்றே.

‘மகன் பேசுவதில்லை, உண்பதில்லை, ஓதிப் பாருங்கள் ஹஜ்ரத்’ என்று எம்மிடம் வரும் தந்தையர் உளர். துஆச் செய்கிறோம்; மருத்துவரிடமும் அனுப்புகிறோம். இது புதுமையன்று. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ, தம் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ நூலில் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒருங்கே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரையும் காரணம் புலப்படாத துயரையும் வேறுபடுத்தி, பின்னதற்கு உடல்சார்ந்த சிகிச்சை தேவை என்றார். ‘இவனுக்கு என்ன குறை?’ என்று வினவும் பெரியோர்க்கு அதுவே விடை. நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லாது கட்டி வைப்பதன் விலையை, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உள்ளிட்ட 28 மனநோயாளிகள் தீ விபத்தில் உயிரிழந்தனர்.

14 வயது நிறைவுறாதோரைக் கம்பெனிகளில் அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுக்கிறது. சிறார்க்கு மதுவோ புகையிலையோ கொடுப்போர்க்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. எனினும், முதலில் காண வேண்டியவர் வீட்டாரே. உறக்கம் குலைதல், நண்பர்களை விலக்குதல், காரணமற்ற சினம், உற்சாகமின்மை ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 14416 என்னும் கட்டணமற்ற டெலி மானஸ் எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மார்க்கம் காக்கப் பணிக்கும் ஐம்பெரும் நலன்களுள் அறிவும் ஒன்று. அதனை வளரும் பருவத்திலேயே காக்கும் கடமை பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. அப்பிள்ளையின் உழைப்பைப் பெறும் கம்பெனி உரிமையாளர்களாகிய நம்மவர்க்கும் உரியது.