பிச்சாவரத்துச் சுரபுன்னையும் வெண்கண்டலும்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்து, 2022இல் ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், முட்டுவேர்களை, அதாவது தண்டிலிருந்து வளைந்து இறங்கி மரத்தைத் தாங்கும் வேர்களை, ஓடைக்கரைச் சேற்றில் ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் விதை, தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கிய பின்னரே கீழே விழுகிறது. உட்பகுதியிலோ, மிகை உப்பை இலை வழியே வெளியேற்றும் வெண்கண்டலே மிகுந்துள்ளது. அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். முற்காலத்தில் மரங்களை அடியோடு வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, தேங்கிய நீர் வற்றி, மண் உவர்ப்பேறிப் பாழானது. அங்கு வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உள்ளே பாயவிட்ட பிறகு நட்ட கன்றுகள் வேரூன்றியது உள்ளம் நிறைக்கும் செய்தி. சிதம்பரத்துக்குத் தில்லை எனும் மற்றொரு பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் உண்டு.