புலிக்கு ஆஸ்கார், கம்பெனி திவால்

இந்த எபிசோட்ல தொட்டுவிட்டுப் போன ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாப் பார்ப்போம்.

1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில், கடோத்கஜனா வரும் ரங்காராவ் வாய்க்குள்ள லட்டு தானாவே போகும். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் மார்கஸ் பார்ட்லி செய்த கேமரா வித்தை. அப்போ ஆட்கள் "எப்படி எடுத்தாங்க?"ன்னு வியந்தாங்க. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' வந்தப்பவும் அதே கேள்விதான். இத்தனைக்கும் அதில் கம்ப்யூட்டர் டைனோசர் வருவது சில நிமிடங்களே, மீதி பொம்மை.

இன்னைக்கு நம்ம கேள்வியே வேற: "ஏன் இவ்வளவு மோசமா இருக்கு?" நிழல் கொஞ்சம் பிசகினால் போதும், மீம் ரெடி.

இந்தத் தரத்துக்கு யார் விலை கொடுக்கிறாங்க? 'லைஃப் ஆஃப் பை' படத்தில் பாண்டிச்சேரிப் பையனோட படகில் வரும் புலி, பெரும்பாலான ஷாட்களில் 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனம் கம்ப்யூட்டரில் செய்தது. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார்! மேடையில் அந்த நெருக்கடியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் 'ஜாஸ்' இசையைப் போட்டுப் பேச்சை நிறுத்திட்டாங்க. அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கிட்டு இருந்தாங்க.

இந்தத் தொழிலில் வேலையை முன்கூட்டியே பேசின தொகைக்குத்தான் எடுப்பாங்க. "இன்னும் கொஞ்சம் மாத்துங்க"ன்னு இயக்குநர் கேட்டா, அந்தச் செலவு பெரும்பாலும் எஃபெக்ட்ஸ் கம்பெனி தலையில்தான்.

அடுத்த டிரெய்லருக்கு 'சீப் சிஜி'ன்னு கமென்ட் போடுறதுக்கு முன்னாடி, அந்த ஷாட்டுக்கு எத்தனை நாள் கொடுத்தாங்கன்னும் ஒரு தடவை யோசிங்க.